புயல் நாளில் கொள்ளை: மண்சரிவைக் கதையில் எங்கே வைப்பது?

குகைப்பையன்:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கிறேன். பகலில் வெள்ளிப் பட்டறை வேலை, ராத்திரியில் திரைக்கதை. எட்டு மாதமாக ஒரே கதையில் நின்றுகொண்டிருக்கிறேன், எழுதத் தெரிந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கதை ஏற்காட்டு மலைப்பாதையில் நடக்கிறது. புயல் கரையைக் கடந்து உள்ளே வந்துவிட்ட இரவு. ஏ.டி.எம்.களுக்குப் பணம் எடுத்துப் போகிற வண்டியை நாலு பேர் மறித்துக் கொள்ளையடிக்கிறார்கள். வண்டி டிரைவர்தான் ஹீரோ. முதல் பாதியில் ஆள் சேர்ப்பது, திட்டம் போடுவது, வேவு பார்ப்பது, கொள்ளை. இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னால் பெரிய மண்சரிவு. கொள்ளைக்காரர்கள், டிரைவர், பின்னால் வந்த பஸ்ஸில் இருந்த முப்பது பேர், எல்லோரும் இரண்டு சரிவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதி முழுக்க அந்த இரண்டு கிலோமீட்டருக்குள்தான்.

படித்த மூன்று நண்பர்களும் ஒரே குறையைச் சொன்னார்கள். முதல் பாதி ஒரு படம், இரண்டாம் பாதி வேறு படம். அதில் ஒருவன் "மண்சரிவு உனக்குத் தேவைப்பட்டது, அதனால் வந்தது" என்றான். அன்று முழுக்க அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை.

2018-இல் வந்த 'தி ஹரிக்கேன் ஹைஸ்ட்' படத்தைத் திரும்பப் பார்த்தேன். அங்கே அமெரிக்க அரசு அழிப்பதற்காக வைத்திருக்கிற பழைய நோட்டுகள், 60 கோடி டாலர். புயலுக்குப் பயந்து ஊரையே காலி செய்கிறார்கள், அந்தக் காலி ஊரைப் பார்த்துத்தான் கொள்ளைக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். அங்கே புயல் முதலிலேயே வந்துவிடுகிறது. என் கதையில் பாதி வழியில் வருகிறது. இதுதான் தப்பா? அப்படியென்றால் மண்சரிவை முதல் காட்சிக்கே கொண்டுபோய் விடலாமா? அப்படிச் செய்தால் இடைவேளையில் வைக்க ஒன்றுமே இல்லாமல் போகிறது. இன்னொன்று, பஸ்ஸில் இருக்கிற முப்பது பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இப்போதைக்கு அவர்கள் பயந்து கத்துகிறார்கள், அவ்வளவுதான்.

எடிட் டேபிள்:

தம்பி, நானும் சேலத்துக்காரன்தான், அம்மாப்பேட்டை. சென்னையில் பன்னிரண்டு வருடமாக எடிட்டிங்கில் இருக்கிறேன். உங்கள் நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆனால் அதற்கு மருந்து மண்சரிவை முன்னால் தள்ளுவது இல்லை.

உங்கள் கொள்ளைக்காரர்கள் ஏன் அந்த ராத்திரியைத் தேர்ந்தெடுத்தார்கள்? நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்துப் பார்த்தேன், காரணமே இல்லை. வெயில் நாளிலும் அதே இடத்தில் அதே மாதிரி அவர்கள் மறித்திருக்கலாம். அதனால்தான் மழை வெறும் பின்னணியாக நிற்கிறது, பின்னணியாக நின்ற ஒன்று திடீரென்று எழுந்து வந்து பாதையை அடைத்தால் பார்க்கிறவருக்கு ஏமாற்றியது போலத்தான் இருக்கும். பேரிடர் நேரத்துக் கொள்ளை என்றால் அந்தப் பேரிடர்தான் கொள்ளைக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். போலீஸ் எல்லாம் வெள்ள வேலைக்குப் போயிருக்கிறார்கள், சாலையில் வண்டி இல்லை, போன் எடுக்கவில்லை, இதையெல்லாம் எண்ணித்தான் அந்த நாலு பேரும் இறங்க வேண்டும். முதல் அரை மணி நேரம் முழுக்க அவர்கள் மழையை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். டிவியில் கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்ட செய்தி ஓடுகிறது, ஊர் கவலைப்படுகிறது, இவர்கள் மட்டும் சந்தோஷப்படுகிறார்கள். அந்த ஒரு காட்சியிலேயே இவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், கதவைத் திறந்துவிட்ட அதே மழை அதே கதவை அவர்கள் முகத்திலேயே சாத்த வேண்டும். உங்கள் இடைவேளை அதுதான். அப்போது இடைவேளை நடுவில் வந்து விழுந்த விபத்தாக இருக்காது, அவர்கள் கேட்ட வரம் முழுசாக வந்து சேர்ந்த நேரமாக இருக்கும். பாத்திரங்களைச் சிக்கலில் மாட்டிவிடத் தற்செயலைப் பயன்படுத்தலாம், பார்க்கிறவர் ஒரு தடவை மன்னிப்பார் என்று எங்கள் மேசையில் சொல்வோம். ஆனால் ஒன்றரை மணி நேரப் படத்தைத் தாங்குகிற தூணே தற்செயலாக இருந்தால் மன்னிக்க மாட்டார்.

1998-இல் வந்த 'ஹார்ட் ரெய்ன்' கிடைத்தால் பாருங்கள். இண்டியானா மாநிலத்தில் வெள்ளத்தில் மூழ்குகிற சின்ன ஊர், பணவண்டி, காவலாளி, கொள்ளைக் கூட்டம். அதில் கவனிக்க வேண்டியது தண்ணீர் இல்லை, அந்த ஊரைக் காக்க நிற்கிற ஷெரீஃப். பணம் எவ்வளவு என்று தெரிந்ததும் அவர் மாறிவிடுகிறார், காவலாளி யாரை நம்பி ஓடினானோ அவரே துரத்த ஆரம்பிக்கிறார். பாதை அடைபட்டால் நிலைமைதான் மாறும். ஆள் பக்கம் மாறினால் கதை மாறும். உங்கள் இடைவேளையில் பாதை மட்டும்தான் மாறுகிறது, ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டாம் பாதிக்கு இழுவிசை இல்லை.

ஹீரோவைப் பற்றியும் ஒன்று. டிரைவருக்குக் கொள்ளைக்காரர்களை அடிப்பதைத் தவிர வேறு ஒரு வேலை கொடுங்கள். பேரிடர்க் கதையில் ஹீரோவுக்கு இரண்டு வேலை இருந்து, ஒன்றைச் செய்தால் இன்னொன்று கெட்டுப்போக வேண்டும்.

மலைக்காத்து:

நான் ஏற்காட்டில் பிறந்தவன். அப்பா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார், நான் பதினைந்து வருடமாக மேலேயும் கீழேயும் வேன் ஓட்டுகிறேன். சினிமா எனக்குத் தெரியாது, பாதை தெரியும். அதனால் பாதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், மேலே வருவதற்கு ஒரு வழி மட்டும் இல்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறது ஒரு வழி. கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்குகிறது இன்னொரு வழி. கோடை விழா நேரத்தில் ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கச் சொல்வார்கள். உங்கள் கதையில் குப்பனூர் பாதையே காணோம். சேலத்தில் படம் பார்க்கிற எவரும் முதல் கேள்வியாக "குப்பனூர் வழியா போகலாமே" என்றுதான் கேட்பார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் நடந்தது ஞாபகம் இருக்கும். கடலோரத்தில் கரையைக் கடந்த புயல் இவ்வளவு தூரம் உள்ளே வந்து அடிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் மேலே இருந்தவர்களுக்குப் பால் வருமா, பெட்ரோல் வருமா என்பதுதான் பேச்சு.

இரண்டாவது, மண் பெரும்பாலும் திடீரென்று சரியாது. சினிமாவில் டமார் என்று வந்து விழுகிறது, நிஜத்தில் மலை முன்கூட்டியே சொல்லும், கேட்கத் தெரிய வேண்டும். முதல் நாள் ஓடையில் தண்ணீர் தெளிவாக வரும். அப்புறம் டீ மாதிரி கலங்கும். ரோட்டில் முட்டை அளவு கல் நாலைந்து கிடக்கும், எடுத்துப் போட்டுவிட்டுப் போவோம், திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடியும் கிடக்கும். நேராக நின்ற சில்வர் ஓக் மரம் லேசாகச் சாய்ந்திருக்கும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வருவதற்கென்று விட்ட ஓட்டையில் தண்ணீர் நின்றுபோயிருக்கும், புதிதாக வேறு இடத்தில் பீய்ச்சும். அதைப் பார்த்தால் நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். இன்னொன்று ரொம்ப முக்கியம், மழை விட்ட பிறகும் சரியும். மேல் மண் குடித்த தண்ணீர் கீழே பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் இறங்க நேரம் ஆகும். மழை நின்றுவிட்டது, பயமில்லை என்று ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரம்தான் மோசமான நேரம்.

மூன்றாவது, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கடந்து போக வளைவுக்கு வளைவு சிறுபாலம் இருக்கிறது. அதில் இலை, கிளை, பிளாஸ்டிக் பாட்டில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி, ரோட்டின் வெளி ஓரத்தை அரித்து, கீழே இருக்கிற சரிவையே ஊறவைத்துவிடும். கீழே என்பது பெரும்பாலும் அடுத்த வளைவுக்கு மேலே இருக்கிற மண்தான், பாதை மடங்கி மடங்கித்தானே போகிறது. ஒரு சாக்கு அடைப்பு போதும். மழைக்காலத்தில் எங்கள் ஆட்கள் கடப்பாரையோடு போய் முதலில் பார்ப்பது சிறுபாலத்தைத்தான்.

மூடுபனியை மறந்துவிடாதீர்கள். மழையோடு பனியும் இறங்கினால் பத்தடிக்கு மேல் தெரியாது. அந்த நேரத்தில் சண்டைக் காட்சி எழுதினால் சத்தத்தை நம்பி எழுதுங்கள்.

கவுண்டர் மூன்று:

தம்பிக்கு வாழ்த்துகள். வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், அதில் பாதி காசாளராக. உங்கள் பணவண்டி காட்சி ஒரு காசாளருக்கு ஒத்துவராது. ஆனால் ஒத்துவராத இடத்தில்தான் உங்களுக்கு நல்ல கதை கிடைக்கும் என்று எனக்குப் படுகிறது.

2019-இலிருந்து நடைமுறையில் உள்ள உள்துறை அமைச்சக விதிப்படி கிராமப்புறத்தில் மாலை 6 மணிக்கு மேல் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது, நகரத்தில் 9 மணி. ஒரு வண்டியில் ஒரு தடவைக்கு 5 கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது. டிரைவரைத் தவிர துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள். உங்கள் வண்டி ராத்திரியில் மலையில் என்ன செய்கிறது? யாரோ ஒருவர் விதியை மீறினால்தான் அது அங்கே இருக்க முடியும். அல்லது மழையால் தாமதமாகிக்கொண்டே போய், ஆறு மணிக்குள் முடிக்கிற அவசரத்தில் டிரைவர் ஒரு தப்பான முடிவு எடுக்க வேண்டும். கதைக்கு நேர நெருக்கடி தேடினீர்கள் என்றால் இதோ இருக்கிறது.

பணத்தின் எடையையும் நினையுங்கள். ஒரு 500 ரூபாய் நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு கோடி என்றால் 20,000 நோட்டு, 20 கிலோவுக்கு மேல். ஐந்து கோடி 100 கிலோவைத் தாண்டும், நனைந்தால் இன்னும் கூடும். அதைத் தூக்கிக்கொண்டு சேற்றில் சரிவு ஏறுவது நாலு பேருக்கும் லேசான காரியம் இல்லை. எதை விட்டுவிட்டுப் போவது என்ற சண்டை தானாக வரும்.

2016 ஆகஸ்டில் நம் சேலத்திலிருந்து சென்னைக்குப் போன ரயிலில் கூரையில் ஓட்டை போட்டு 5.78 கோடி எடுத்தார்களே, அதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கிக்குப் போன பழைய நோட்டு, மொத்தம் 342 கோடி இருந்த பெட்டி. எழும்பூர் போய்த் திறக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவு சாமர்த்தியமாக எடுத்ததைக் காலம் வந்து காகிதமாக்கியது. எடிட் டேபிள் தம்பி சொன்ன "அதே கதவைச் சாத்துவது" இதுதான் என்று தோன்றியது.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. பணம் போனால் பார்க்கிற ஜனங்களுக்கு என்ன நஷ்டம்? காப்பீடு இருக்கிறது, வங்கி பார்த்துக்கொள்ளும். நகைக்கடன் நகையை வையுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் கணக்கு எண், எடை, மதிப்பீட்டாளர் கையெழுத்து இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு கிளைக்குள் ஒரு மழையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் காலையில் நாங்கள் போவதற்கு முன்பே வாசலில் பெண்கள் நின்றார்கள். ஒருவர்கூடப் பணத்தைக் கேட்கவில்லை. "தாலிக்கொடி நனைஞ்சிடுச்சாங்க?" என்று கேட்டார்கள். தங்கம் நனைந்தால் ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார்கள். அந்த முகங்களை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உங்கள் பஸ்ஸில் இருக்கிற முப்பது பேரில் பத்துப் பேருடைய நகை அந்த வண்டியில் இருந்தால் அவர்கள் கத்திக்கொண்டு மட்டும் இருக்க மாட்டார்கள்.

சுவர் விரிசல் விட்ட கிளையிலிருந்து நகையைச் சேலத்துக்கு மாற்றுகிறார்கள் என்று வைக்கலாம். நிஜத்தில் அரிது, படத்துக்குப் போதும். பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்கும், ஒருவரால் திறக்க முடியாது. அதையும் எங்காவது பயன்படுத்துங்கள்.

குகைப்பையன்:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி தூங்கவே இல்லை, பட்டறைக்கும் தாமதமாகத்தான் போனேன்.

மலைக்காத்து அண்ணன் சிறுபாலம் பற்றி எழுதியதைப் படித்தபோது முடிச்சு அவிழ்ந்தது. கொள்ளைக்காரர்களே காலையில் வந்து மேல் வளைவில் ஒரு சிறுபாலத்தைச் சாக்கு போட்டு அடைக்கிறார்கள். ரோட்டில் தண்ணீர் ஓடினால் பணவண்டி வேகம் குறைக்கும், அங்கே மறிக்கலாம் என்பது அவர்கள் திட்டம். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் பகல் முழுக்க இறங்கி, சாயங்காலம் கீழ் வளைவைச் சரிக்கிறது. மண்சரிவு இப்போது எனக்காக வரவில்லை, அவர்கள் செய்த வேலையால் வருகிறது. அடைத்த நாலு பேரில் ஒருவன் தோட்டத்து ஆள், அவனுக்கு மட்டும் சரிந்த உடனே புரிந்துவிடுகிறது. இடைவேளையில் அவன் முகம்.

அக்கா, நகை விஷயத்தில் மட்டும் ஒரு தயக்கம். பஸ்ஸில் இருப்பவர்களின் நகையே வண்டியில் இருப்பது இன்னொரு தற்செயல் ஆகிவிடாதா?

எடிட் டேபிள்:

ஆகாது தம்பி. சின்ன மலை ஊர், ஒரு கிளை, மழைக்குப் பயந்து கடைசி பஸ்ஸில் கீழே இறங்குகிற அதே ஊர் ஜனம். நகை இருப்பதுதான் இயல்பு, இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அதை இடைவேளைக்குப் பிறகு சொல்லாதீர்கள். முதல் பதினைந்து நிமிடத்தில் ஒரு அம்மா அடகு வைக்கிற காட்சியில் சொல்லிவிடுங்கள், பிறகு மறந்துபோனது மாதிரி விட்டுவிடுங்கள்.

சிறுபாலம் யோசனை அருமை. இப்போது உங்கள் கடைசி அரை மணி நேரம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா? பஸ் நிற்கிற இடத்துக்கு மேலேயும் அந்த அடைப்பின் தண்ணீர் சேர்ந்துகொண்டிருக்கிறது. மழை விட்டுவிட்டது, எல்லோரும் பிழைத்தோம் என்று நினைக்கிறார்கள். டிரைவருக்கு மட்டும் ரோட்டில் திரும்பத் திரும்பக் கல் வந்து கிடப்பது கண்ணில் படுகிறது. அடைப்பை எடுக்க வேண்டும், ஒரு ஆளால் முடியாது, கடப்பாரையும் கயிறும் கொள்ளைக்காரர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்கோ அந்த நேரத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குப்பனூர் பக்கம் நடந்து தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. போகிறவன் யார், திரும்பி வருகிறவன் யார் என்பதுதான் உங்கள் உச்சக்காட்சி. துப்பாக்கியே இல்லாமல் எழுதிப் பாருங்கள், அடிதடியை விடப் பதற்றமாக இருக்கும். தோட்டத்து ஆளை நல்லவனாக மாற்ற அவசரப்பட வேண்டாம், அவன் திரும்பி வருவது குற்ற உணர்ச்சியாலா, தன் வீட்டு நகையும் அந்தப் பெட்டியில் இருப்பதாலா என்று பார்க்கிறவரே முடிவு செய்யட்டும்.

முதல் பாதியில் ஆள் சேர்க்கிற காட்சிகளைப் பாதியாக வெட்டிவிடுங்கள். அந்த இடத்தை மழைக்குக் கொடுங்கள்.

மலைக்காத்து:

தம்பி, எழுதுவதற்கு முன் ஒரு நாள் பஸ்ஸில் வாருங்கள், பைக்கில் வேண்டாம். பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டித்தானே பஸ் வருகிறது, அங்கிருந்தே நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டில் உட்கார்ந்து, வளைவு எண்ணை எழுதி, பக்கத்தில் எந்தக் காட்சி என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மேலே வந்ததும் சொல்லுங்கள். திரும்பும்போது என் வேனில் குப்பனூர் வழியாக இறங்கலாம், சிறுபாலத்தில் இறங்கி நின்று தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம். செவ்வாய் வாருங்கள்.

குகைப்பையன்:

செவ்வாய்க்கிழமை பட்டறையில் லீவு கேட்டுவிட்டேன் அண்ணா. முதல் பஸ்ஸிலேயே வருகிறேன்.